ஈரச் சாக்கு

எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தவர்களில், காங்கிரீட்டைக் காணோம் என்று புகார் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார். பாதி சொன்னதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அரசாங்கக் கட்டடங்கள் கட்டும் காண்ட்ராக்டர். எந்த வேலையை எடுத்தாலும் கெடுவுக்கு முன்னால் முடித்து, சொன்ன தொகைக்குக் கீழேயே கணக்கைக் கொடுத்துவிடுவார் என்பதால் அவருக்கு மின்னல் என்று பட்டப்பெயர். அந்தப் பெயரில் அவருக்கே ஒரு பெருமை உண்டு. மின்னல் வந்தால் பின்னாலேயே இடி விழும் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்.

விஷயம் இதுதான். அவர் கட்டி முடித்த புதிய குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நாளை மறுநாள் திறப்பு விழா. கடைசிப் பூச்சு பெயிண்ட் அடிக்கும்போது இரண்டாம் மாடியில் சில தூண்களில் மட்டும், தேநீர்க் கோப்பையின் வாய் அளவுக்கு ஒரு வட்டத்தில் பெயிண்ட் ஒட்டாமல் கொப்புளம் விட்டிருக்கிறது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வேறு நிறத்தில் காங்கிரீட். யாரோ தூணைத் துளைத்து, உருளையாக ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, ஓட்டையை ஒழுங்காக அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நகையைத் திருடுவார்கள், செருப்பைத் திருடுவார்கள். ஓட்டை போட்டுவிட்டு ஓட்டையை அடைத்துக் கொடுக்கும் திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. வீடு புகுந்து திருடிவிட்டு, போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவதுபோல இருந்தது.

"ஆளைப் பிடிச்சுக் கொடுங்க" என்றார் மின்னல். "எடுத்த துண்டு ஒண்ணு விடாம என் கைக்கு வந்தாகணும். அந்த ஆளை நான் கம்பி எண்ண வைக்காம விடப்போறதில்ல."

"அது இருக்கட்டும் சார். உங்க தூண்ல இருக்கிற கம்பியை யாராவது எண்ணினாங்களா?" என்று நான் கேட்டேன்.

மேஜைக்கு அடியில் என் காலில் ஒரு மிதி விழுந்தது. மிதித்தவர் என் முதலாளி, நான் மேடம் என்று கூப்பிடுபவர். அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாயில் குமிழி ஓடும் அந்தக் கருவி. எந்தப் பக்கம் சாய்த்தாலும் இவரும் நடுவில் வந்து நின்றுவிடுவார். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கிடங்குகளைப் பார்த்து, தீ பிடித்ததா, வைத்ததா என்று சொல்லும் வேலையில் இருந்தவர். என்னை 'வாய்' என்று கூப்பிடுவார். ஏன் என்பதை இந்நேரம் நீங்களே புரிந்துகொண்டிருப்பீர்கள்.

மேடம் மின்னலிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு குறைந்த செலவில் எப்படி முடிக்கிறீர்கள் என்று.

"நேரமும் செலவும் என் பொறுப்பு மேடம். அதை வேற யார்கிட்டயும் விடமாட்டேன்."

"தரம்?"

"அதுக்கு சர்டிபிகேட் இருக்கு" என்று சொல்லிவிட்டு மின்னல் எழுந்தார்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு நான் மேடத்தைப் பார்த்தேன். இந்த ஆளுக்கா உழைக்கப் போகிறோம் என்பது என் பார்வை. கல் காணாமல் போனால் போகட்டும், ஒரு கல்லுக்காக இவருக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, மேடம் குடையை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வெளியே பார்க்க அழகாகத்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத குட்டிக் கட்டில்கள் வராந்தா நெடுக வரிசையாக நின்றன. குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்றபடி கை கழுவும் தொட்டிகள், சுவரில் தாய் வாத்தும் குஞ்சு வாத்துகளும். கொத்தனார் பூசிவிட்டுக் கையை எடுப்பதற்குள் பெயிண்டர் பிரஷை வைத்துக்கொண்டிருந்தார். அவர் நகர்வதற்குள் எலக்ட்ரீஷியன் அதே சுவரில் ஆணி அடித்தார். மின்னல் எல்லாரையும் கைக்கடிகாரத்தைக் காட்டி விரட்டிக்கொண்டே எங்களை மாடிக்கு அழைத்துப்போனார்.

வழியில் மேடத்தின் கண் எங்கே போனாலும் மின்னலின் விளக்கம் முந்திக்கொண்டு வந்தது. தரை ஓடு எழும்பியிருந்தால் அது வெயிலால். கூரையில் ஈரத் திட்டு இருந்தால் அது மழையால். விட்டத்தில் விரிசல் தெரிந்தால் அது வெறும் மயிரிழை, எல்லாக் கட்டடத்திலும் வருவதுதான். சாக்குச் சொல்வதிலும் அவர் மின்னல்தான்.

கீழே யாரோ கூப்பிட, அவர் போனார். மேடம் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, பெயிண்ட் சுரண்டப்பட்டிருந்த ஒரு தூணில் கோடு இழுத்தார். பொடி உதிர்ந்தது. அதே தூணில் திருடன் அடைத்துவைத்த வட்டத்தின் மேல் இழுத்தார். சாவிதான் தேய்ந்தது.

"திருடன் வெச்சது தூணைவிட ஒஸ்தியா இருக்கே மேடம். பேசாம முழுக் கட்டடத்தையும் திருடச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

மேடம் அதற்குள் கூடத்தின் மூலைக்குப் போயிருந்தார். அங்கே கதவுப் பலகைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு தூணைச் சுற்றிச் சாக்கு கட்டியிருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தவர், எடுக்காமல் அப்படியே நின்றார். நானும் போய்த் தொட்டுப் பார்த்தேன். மண்டை காயும் உச்சி வெயில் நேரத்தில், சாக்கு சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். புதுக் காங்கிரீட் இறுகும்வரை ஈரம் காயக்கூடாது. அதற்காகச் சாக்கு கட்டித் தினமும் தண்ணீர் விடுவார்கள். வீடு கட்டின எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த மாடியில் எங்கள் கண்ணில் பட்ட சாக்கு கட்டிய தூண் அது ஒன்றுதான். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டோம். இங்கே தண்ணீர் விடுவது யார் என்று கேட்டதும் அவர் எங்களையே ஒரு மாதிரி பார்த்தார். அதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே கிடையாது, காயட்டும் என்று காத்திருந்தால் நாள் போகும், நாள் போனால் செலவாகும் என்று முதலாளி தண்ணீர் லாரியையே நிறுத்திவிட்டார் என்றார்.

மேடம் பலகைகளை நகர்த்தி, சாக்கை மெல்ல விலக்கினார். உள்ளே புத்தம்புதிதாக அடைத்த ஒரு வட்டம்.

"பாத்தியா வாய். இந்தக் கட்டடத்துல எல்லாரும் சாக்குச் சொல்றாங்க. ஒரே ஒரு ஆள்தான் சாக்குக் கட்டறாங்க." சாக்கைப் பழையபடி இழுத்துக் கட்டினார். "எடுத்த இடத்தை அடைச்சா மறைக்கறதுக்குன்னு வெச்சுக்கலாம். அதுக்குத் தினம் வந்து தண்ணி விடணும்னு என்ன தலையெழுத்து? மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும் வேலையை அரைகுறையா விட மனசு வராத ஆள் இது."

அதற்குப் பிறகு அவர் எனக்குக் கொடுத்த வேலை, பிறந்ததிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த வேலை. சத்தம் போடுவது. வாட்ச்மேனை விட்டுத் தண்ணீர் பம்பை நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் நிழலில் உட்கார்ந்திருந்தபோது நான் நடுவில் போய் நின்று, பம்பு ரிப்பேர், இன்றைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கொத்தனார் பம்பைத் திட்டினார். பெயிண்டர் தன் கையைப் பார்த்து, இதோடு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். எலக்ட்ரீஷியன் என்னைத் திட்டினார். ஒரே ஒரு பெண் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்து இரண்டாம் மாடியைப் பார்த்தார்.

நாற்பது வயது இருக்கும். வார்டுகளுக்கு ஆக்ஸிஜன் குழாய் பதிக்க வந்த வெளிக் கம்பெனியின் மேற்பார்வையாளர். சைட்டில் எல்லாரும் ஆக்ஸிஜன் அக்கா என்றார்கள். சுவரில் குழாய் நுழைய வட்டமாகத் துளை போடும் மெஷின் அவரிடம்தான் இருந்தது. காலை முதல் மாலைவரை அது கத்திக்கொண்டிருந்தாலும் எதைத் துளைக்கிறாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் படியேறினார்.

நாங்கள் சத்தமில்லாமல் பின்னால் போனோம். பலகைகளுக்கு நடுவே நின்று, வீணாகச் சிந்தாமல், சாக்கின் மேல் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டில் காலியானதும் அதைத் தட்டிக் கடைசிச் சொட்டையும் விட்டார். நாக்கு வறளும் அந்த வெயிலில், ஒரு வாய்கூடத் தான் குடிக்கவில்லை. நியாயப்படி நான் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"எவ்வளவு நாளா, அம்மா?" என்று மேடம் கேட்டார்.

அவர் திரும்பினார். பயப்படவில்லை, ஓடப் பார்க்கவும் இல்லை. மேடத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவன்தானே உங்களை அனுப்பினான் என்றார். பிறகு பலகை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

அவர் கணவர் மின்னலிடம் தரம் பார்க்கும் எஞ்சினியராக இருந்தவர். இவர் அதே கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தார். அப்போது மின்னல், சந்தைக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கலவை சரியில்லை, கூரையைத் தாங்கும் முட்டுகளை இப்போது பிரிக்காதீர்கள் என்று கணவர் கத்தியிருக்கிறார். கெடு நெருங்குகிறது என்று மின்னல் பிரிக்கச் சொன்னார். கூரை இறங்கி இரண்டு கொத்தனார்கள் செத்தார்கள். தரம் பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டதால் விபத்து என்று வழக்கு எழுதப்பட்டது. அவரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜாமீன் கிடைப்பதற்குள் நெஞ்சு வலித்து, சிறை ஆஸ்பத்திரியின் பெஞ்சு ஒன்றில் அவர் போய்விட்டார். அந்த வாரமே மின்னல் இந்த ஆஸ்பத்திரி வேலையை எடுத்தார்.

சர்டிபிகேட் எல்லாம் எப்படி வந்தது என்று நான் கேட்டேன்.

"சோதனைக்குனு காங்கிரீட்டுல கட்டை வார்ப்பாங்க இல்ல, அதுக்கு மட்டும் தனியா நல்ல கலவை போடுவாங்க. லேபுக்குப் போறது ஒரு காங்கிரீட், தூண்ல ஊத்தறது வேற காங்கிரீட். அதான் தூணுக்குள்ள இருக்கறதையே எடுத்தேன். ஒண்ணை நசுக்கிப் பாத்தாச்சு. இருக்க வேண்டிய பலத்துல பாதிகூட இல்ல."

அந்த முடிவையும் நசுங்கிய துண்டையும் எடுத்துக்கொண்டு போய், அரசாங்கத் துறையின் தலைமைப் பொறியாளரிடம் காட்டியிருக்கிறார். அவர் அந்தத் துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இது எந்தக் கட்டடத்துக் கல் என்று யாருக்கு அம்மா தெரியும் என்று கேட்டாராம். ரோட்டில் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்றாராம். மீதித் துண்டுகள் தூணின் எண் எழுதி, துணி சுற்றி, குழாய்ச் சாமான் பெட்டிக்குள் இருந்தன. இவ்வளவு பாடுபட்டும் அவை வெறும் கல்தான். நாளை மறுநாள் இதே கூடத்துக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"நியாயம் கிடைக்கணும்னு சொல்லுவீங்க" என்றார் அவர், மேடத்தை நேராகப் பார்த்து. "எனக்கு அதெல்லாம் வேண்டாம். என் வீட்டுக்காரர் உக்காந்த அதே பெஞ்சுல அவன் வந்து உக்காரணும். அவர் பேர்ல எழுதின அதே வார்த்தையை அவன் பேர்ல எழுதணும். அதைப் பாத்துட்டா எனக்குப் போதும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கீழே போய் மின்னலின் கைக்கடிகாரத்தைப் பிடுங்கி அவர் வாயிலேயே திணிக்க வேண்டும் போலிருந்தது. மேடமோ குமிழி நடுவில் வந்துவிட்ட முகத்தோடு, அந்த அம்மா இன்னும் சாப்பிடவில்லை, போய் பன்னும் டீயும் வாங்கி வா என்றார். வாங்கிக்கொண்டு திரும்பியபோது மேடம் மின்னலிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆள் கிடைச்சாச்சு சார். பொருளும் இருக்கு. இல்ல, நீங்க தொடக் கூடாது, போலீஸ் வரட்டும். முறையாப் புகார் கொடுங்க. உங்களோடதுதான்னு நிரூபிக்காம யாரும் அதை உங்களுக்குத் திருப்பித் தரமாட்டாங்க. தலைமைப் பொறியாளரும் கூட இருந்தா நல்லது, அரசாங்கக் கட்டடம் பாருங்க."

டீ என் கையில் ஆறிப்போனது. காட்டிக்கொடுக்கிற வேலைக்கு இனிமேல் நான் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். மேடம் கோபப்படவில்லை. திருடனைப் பிடித்துத் தருவதாகத்தானே ஒப்புக்கொண்டோம் என்றார். அந்த அம்மா என் கையிலிருந்து டீயை வாங்கி, சூடில்லை என்று குறைகூடச் சொல்லாமல் குடித்தார். அவர் நிம்மதியாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மின்னல் வந்த வேகத்துக்கு லிஃப்ட் இருந்திருந்தால் பயந்திருக்கும். பின்னால் இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், எதையும் பட்டும் படாமலும் பேசும் தலைமைப் பொறியாளர். காரின் டிக்கியைத் திறந்து வைத்திருக்கும்படி மின்னல் டிரைவரிடம் சொன்னது எங்களுக்கே கேட்டது. துண்டுகளை வாங்கியதும் நேராக ஆற்றுக்குத்தான் போவார் என்று எனக்குப் புரிந்தது.

அந்த அம்மாவைப் பார்த்ததும் மின்னலின் முகம் கறுத்தது. எல்லாருக்கும் கைக்கடிகாரத்தையே காட்டிக்கொண்டிருந்தவர், சைட்டில் அந்த முகத்தை அதுவரை பார்த்ததே இல்லை. பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் லேசில் மறக்கமாட்டேன்.

"அட, நம்ம எஞ்சினியரோட பொண்டாட்டி. புருஷன் கட்டடத்தைக் கவுத்தான், நீ துளைக்க வந்துட்டியா. சார், இவளை லேசுல விடக்கூடாது. எவ்வளவு பெரிய செக்‌ஷன் இருக்கோ அவ்வளவும் போடுங்க."

கட்டில் ஒன்றின் மேல் வரிசையாக உருளைகள் வைக்கப்பட்டன. இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். ஒவ்வொன்றாகக் காட்டி, இது உங்களுடையதா, எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். மின்னலுக்கு அந்த நிதானம் பொறுக்கவில்லை. உருளைகளின் முகப்பில் ஒட்டிக்கொண்டிருந்த முதல் பூச்சு வெளிர்பச்சைப் பெயிண்டைக் காட்டினார். இந்தப் பச்சை குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கென்று தனியாகக் கலக்கச் சொன்னது, ஊரில் வேறு எந்தக் கட்டடத்திலும் கிடையாது என்றார். அதோடு விடவில்லை. ஒரு உருளையை எடுத்துக்கொண்டு போய்த் தூணில் வைத்து, தூணைச் சுற்றி ஓடிய பச்சைப் பட்டையின் விளிம்பும் உருளையில் இருந்த விளிம்பும் ஒரே கோட்டில் சேர்வதைக் காட்டினார். அடுத்த தூண், அடுத்த உருளை. அந்த அம்மா எழுதிய எண் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, சரி, சரி என்றார். கையெல்லாம் பொடி. பேண்டில் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார்.

தலைமைப் பொறியாளருக்குத்தான் முதலில் புரிந்தது. இருமினார். மின்னல் கவனிக்கவில்லை. இன்னொரு முறை பலமாக இருமினார். தண்ணீர் வேண்டுமா சார் என்று நான் மிகவும் அக்கறையாகக் கேட்டேன். எனக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்திருந்தது. மேடத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த வாத்துக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் புகாரை எழுதி நீட்டினார். இன்னின்ன தூணிலிருந்து எடுக்கப்பட்ட இந்த உருளைகள் இந்தக் கட்டடத்தினுடையவை என்று நான் நேரில் அடையாளம் காட்டினேன் என்பதுவரை அதில் இருந்தது. படித்துப் பாருங்கள் என்று அவர் சொன்னார். மின்னல் வாழ்நாளில் எதையும் முழுதாகப் படித்தவர் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துக்குத் தலைமைப் பொறியாளர் பக்கம் காகிதம் போனது. கண்ணெதிரே நடந்ததை இல்லையென்று சொல்ல அவருக்கு வழியில்லை.

அந்த அம்மாவிடம் கேட்டபோது அவர் ஒரு வார்த்தையும் விடாமல் ஒப்புக்கொண்டார். ஆமாம், நான்தான் எடுத்தேன், இந்தத் தூண்களிலிருந்துதான் எடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

மின்னல் டிரைவருக்குக் கை காட்டினார். அதற்குள் போலீஸ்காரர்கள் உருளைகளை ஒரு சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"என்ன சார் பண்றீங்க. அது என் பொருள். கொடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"உங்களோடதுதான்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்களே சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "திருட்டு வழக்குல பிடிச்ச பொருள். கோர்ட்டுல ஒப்படைச்சுருவோம். வேணும்னா அங்க மனுப் போட்டு வாங்கிக்கோங்க."

மேடம் வாத்துகளை விட்டுத் திரும்பினார்.

"அதுக்கு முன்னாடி கோர்ட்டு, திருடுபோன பொருளோட மதிப்பு என்னன்னு கேக்கும். காங்கிரீட்டுக்கு அதோட பலம்தான் மதிப்பு. அதனால லேபுக்குத்தான் அனுப்புவாங்க. எந்தக் கட்டடத்துக் கல்லுன்னு இனிமே யாரும் கேக்க முடியாது." அவர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். "நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. துளைச்ச தூணெல்லாம் சாட்சி. லேப் முடிவு வர்ற வரைக்கும் இந்த மாடியைத் திறக்கறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

தலைமைப் பொறியாளர் தன் தொப்பியைக் கழற்றினார். திறப்பு விழாவைத் தள்ளிவைக்கும்படி இன்றே எழுதிவிடுகிறேன் என்றார். பட்டும் படாமலும் இல்லாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். தப்பித்துக்கொள்ளும் அவசரத்தில் வார்த்தை நன்றாகத்தான் வரும்.

 நீங்கள் யார் பக்கம் என்று மின்னல் மேடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் சார். ஆளைப் பிடிச்சுக் கொடுத்தேன். ஒரு துண்டு விடாம உங்க கைக்கும் வந்துச்சு. கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு, அவ்வளவுதான்."

அந்த அம்மாவைக் கீழே அழைத்துப்போகப் போலீஸ்காரர் வந்தார். என்னைப் பன்னும் டீயும் வாங்கிவர அனுப்பிய அந்த நேரத்தில் மேடம் அவரிடம் என்ன கேட்டிருப்பார் என்பது இப்போது தெரிந்தது. நீங்களும் உள்ளே போக வேண்டியிருக்கும், சம்மதமா என்று கேட்டிருப்பார். அதற்குச் சம்மதித்த பிறகுதான் அந்த ஆறிப்போன டீ அவருக்கு அவ்வளவு ருசித்திருக்கிறது.

மின்னலால் பொறுக்க முடியவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றார். உன் புருஷன் மாதிரியே நீயும் உள்ளே கிடந்து சாவாய் என்றார். இன்ஸ்பெக்டர் தடுப்பதற்குள் அந்த அம்மா நின்று அவரைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை.

"அவர் தனியாப் போனார். எனக்குத் துணைக்கு நீ வர்றே."

மின்னல் விலகி வழிவிட்டார்.  எனக்கு வயிறு குளிர்ந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

என்னைத் தாண்டிப் போகும்போது அந்த அம்மா காலிப் பாட்டிலை என் கையில் கொடுத்தார். மூலைத் தூணில் அடைத்தது நேற்றுத்தான், சாக்கு இந்நேரம் காய ஆரம்பித்திருக்கும், கொஞ்சம் தண்ணீர் விட்டுவிடுங்கள் என்றார். இடிக்கப் போகிற மாடிக்கு எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"போட்டது நான் இல்லையா. விடணும்."

வாட்ச்மேனிடம் பம்பை மறுபடி ஓடவிடச் சொன்னேன். பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து, அவர் ஊற்றியதுபோலவே மேல் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஜன்னலுக்குக் கீழே மின்னல் இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. வெயிலால் என்றார். மழையால் என்றார். மேஸ்திரியின் தவறு என்றார். அவர் அங்கே சாக்குச் சொல்லச் சொல்ல, நான் இங்கே சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன்.